கொடைக்கானலில் கள்ளித் தோட்டம்: செடிகள் அடியில் அழுகுகின்றன, வேறு எதை வைக்கலாம்?

கேள்வி: மதுரை வாசி

வணக்கம். கொடைக்கானலில் வில்பட்டி போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. நாங்கள் இருப்பது மதுரையில். மாதம் ஒரு தடவை மலையேறுவதே பெரிய விஷயம். ஜனவரி முதல் மார்ச் வரை வீட்டுக்கே லாரித் தண்ணீர்தான், தோட்டத்துக்கு ஒரு குடம்கூட மிஞ்சாது. அதனால் வீட்டு முன்சரிவில் கள்ளி, கற்றாழை வகைகளை வைக்கலாம் என்று கீழே இருந்து பாலைவன ரோஜா என்கிற அடெனியமும் உருண்டைக் கள்ளியும் வாங்கிப் போய் நட்டோம். ஐப்பசி மழை முடிவதற்குள் அடெனியத்தின் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. உருண்டைக் கள்ளியும் அடியில் பழுப்பாகிறது. நல்ல வெயில் படுகிற இடம், நாங்கள் தண்ணீரே ஊற்றவில்லை. பராமரிப்பு குறைவாக, பார்க்கவும் அழகாக எதை வைக்கலாம்? சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற இடம், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பதில்: கோத்தகிரி தோட்டக்காரி

சார், அடெனியத்தை மலையில் வெளியே வைக்காதீர்கள். அது ஆப்பிரிக்கா, அரேபியாவின் சுடுநிலத்துச் செடி. குளிர் 10 டிகிரிப் பக்கம் இறங்கினாலே தூங்கிவிடும், தூங்குகிற வேர் தண்ணீரை இழுக்காது. அப்போது மண் ஈரமாகவே இருந்தால் அழுகத்தான் செய்யும். அழுகினதை வெள்ளைச் சதை தெரிகிற வரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நிழலில் சில நாள் காயப்போட்டு மதுரைக்கே கொண்டுபோங்கள். மொட்டை மாடியில் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

பதில்: பண்ணைக்காடு

அண்ணே, கொடையில் கள்ளிச் செடிகளைக் கொல்வது குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான். ஜூனில் ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் அதைவிடப் பெரிய மழை, நடுவில் மஞ்சு மூடிக்கிடக்கும். ஆகவே நர்சரியில் பாலைவனச் செடி என்று கேட்காமல், உயரமான மலையில் பாறை இடுக்கில் வளர்கிற செடியாகத் தேடுங்கள். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான், கொடை கொஞ்சம் கீழே. அந்த நாட்டு மலைகளிலிருந்து வந்த எச்செவேரியாவுக்கு நம் குளிர் ரொம்பப் பிடிக்கும். ரோஜா மாதிரி அடுக்கடுக்காக விரிந்து, குளிரில் ஓரமெல்லாம் சிவக்கும்.

பெரிய செடி வேண்டுமென்றால் ஆனைக்கற்றாழை இனத்திலேயே அகேவ் அட்டெனுவாட்டா. முள்ளே கிடையாது, பிள்ளைகளுக்குப் பயமில்லை. கடும் உறைபனி விழுந்தால் இலை கருகும். ஆனால் உங்களுடையது சரிவு. குளிர்காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். ஆனைக்கற்றாழை வேண்டாம், இலை நுனி கண்ணைக் குத்திவிடும், பக்கக்கன்று விட்டுப் பரவவும் செய்யும்.

சோற்றுக்கற்றாழை இனத்தில் தென்னாப்பிரிக்காவின் அலோ அர்போரெசென்ஸ் கட்டாயம் வையுங்கள். மற்றதெல்லாம் அடங்கிக்கிடக்கிற குளிர்காலத்தில் செக்கச்செவேல் என்று கதிர் விடும், தேன்சிட்டு தேடி வரும். கேனரித் தீவுகளின் அயோனியம் என்கிற சதைப்பற்றுச் செடி மதுரை வெயிலில் வாடிப்போகும், இங்கே செழிக்கும். இடைவெளியை நிரப்ப ஜெரேனியம் போதும். பக்கத்து வீட்டில் ஒரு குச்சி ஒடித்து வாங்கினால் வந்துவிடும்.

எந்தச் செடியானாலும் மண்தான் முதல் வேலை. நம் மலை மண் ஈரத்தை விடாது. குழி தோண்டி நட்டால் அந்தக் குழியே தொட்டியாகிவிடும். சரிவில் கல் அடுக்கி, முழங்கால் உயரம் மேடு கட்டுங்கள். பாதிக்கு மேல் 6 எம்எம் கல் சிப்ஸ், மிச்சம் மண். எம் சாண்ட் போடுவதானால் தூசியைச் சலித்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். மேலே ஜல்லி பரப்பும்போது அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும். பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்களே, இந்தச் செடிகளுக்குக் காய்ச்சல் பங்கு கூடுதலாக வேண்டும்.

பதில்: குன்னூர் வாசி

கூடவே சில எச்சரிக்கைகள். சப்பாத்திக்கள்ளியை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். தென்னிந்தியாவில் அது பரவியதை அடக்க 1926இல் இலங்கையிலிருந்து பூச்சி கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ரணகள்ளி இனத்தில் இலை ஓரமெல்லாம் குட்டி போடுகிற செடி ஒன்று அழகுக்காக விற்கிறார்கள். விழுந்த இடமெல்லாம் முளைக்கும், மாடு தின்றால் விஷம். காட்டுமாடு மேய வருகிற ஊரில் அதை வைக்கக் கூடாது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அதுவும் கூடாது.

மதுரை வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. உருண்டைக் கள்ளியைக் காப்பாற்ற வழி உண்டா? புதுச் செடிகளை எப்போது நடலாம்?

பதில்: பண்ணைக்காடு

பழுப்பு கட்டியாக, காய்ந்து இருந்தால் வயதான தோல்தான், கவலை வேண்டாம். அமுங்கினால் அழுகல். பிடுங்கி, வேரில் மண்ணை உதிர்த்து, காயவைத்து, தொட்டியில் போட்டு, சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்து சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். வெயில் மட்டும் படட்டும். தரையில் திரும்ப நட வேண்டாம்.

புதுச் செடிகளை மாசியில் நடுங்கள். உறைபனி விலகியிருக்கும், அடுத்த ஐப்பசி வருவதற்குள் வேர் நன்றாக இறங்கிவிடும். மேட்டையும் ஜல்லியையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நட்டதும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை நீங்கள் வரும்போது ஊற்றினால் போதும்.