அமெரிக்காவில் விவாகரத்துக்குப் பிறகு, வரியில் குழந்தையை யார் காட்டலாம்?

"டிக்ரீயில் (விவாகரத்துத் தீர்ப்பில்) குழந்தையை அப்பா தன்னைச் சார்ந்தவராக வரியில் காட்டலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் குழந்தை என்னிடம்தான் வளர்கிறது. நான் காட்டக்கூடாதா?" இங்கே வந்து சில வருடங்களிலேயே மணவாழ்க்கை முறிந்துபோனவர்கள், அதிலும் பெண்கள், பிப்ரவரி மாதத்தில் பதற்றத்தோடு கேட்கும் கேள்வி இது. தெரியாமல் பணத்தை இழப்பவர்களும், பிறகு ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) கடிதம் வந்து கலங்குபவர்களும் நம்மவர்களில் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விவாகரத்து வழங்குவது மாநில நீதிமன்றம். வருமான வரி மத்திய அரசின் சட்டம். வரிச் சட்டத்தின் கணக்கில், வருடத்தில் அதிக இரவுகள் குழந்தை யாரோடு தங்கியதோ அவர்தான் கஸ்டடி உள்ள பெற்றோர். குழந்தையைக் காட்டும் உரிமை இயல்பாக அவருக்குத்தான். மற்றவர் காட்ட வேண்டுமானால், கஸ்டடி உள்ளவர் படிவம் 8332-இல் கையெழுத்திட்டுத் தர வேண்டும். காட்டுபவர் அதைத் தன் ரிட்டர்னோடு (வரிக் கணக்குப் படிவத்தோடு) இணைக்க வேண்டும். 2008-க்குப் பிறகு வந்த விவாகரத்துகளில், டிக்ரீயின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தால் ஐ.ஆர்.எஸ். ஏற்காது.

அதற்காக டிக்ரீயைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். "படிவத்தில் கையெழுத்திட வேண்டும்" என்று அதில் இருந்து நீங்கள் மறுத்தால், ஐ.ஆர்.எஸ். உங்களை ஒன்றும் கேட்காது. ஆனால் உங்கள் முன்னாள் கணவர் மாநில நீதிமன்றத்துக்குப் போவார், அங்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரவுக் கணக்கில்தான் சண்டை அதிகம். பாதிப் பாதி கஸ்டடி என்று எழுதியிருந்தாலும் 365-ஐச் சரிசமமாகப் பிரிக்க முடியாது. ஒருவருக்கு 183, இன்னொருவருக்கு 182 என்று வரும். அந்த ஓர் இரவு போதும். லீப் வருடம் போன்ற ஏதோ ஒரு காரணத்தால் இரவுகள் சமமாகிவிட்டால், யாருடைய அட்ஜஸ்டட் கிராஸ் இன்கம் (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) அதிகமோ அவர் கஸ்டடி உள்ளவராகக் கருதப்படுவார். கோடையில் குழந்தையை மட்டும் மதுரைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால், அந்த இரவுகள் வழக்கமாக யாருடைய முறையில் வந்திருக்குமோ அவர் கணக்கில் சேரும். அப்பா கூடவே போய்த் தங்கினால் அவை அப்பாவின் இரவுகள். ஆகவே ஜனவரி முதல் தேதியிலிருந்தே ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள். பள்ளிக்கூடத்திலும் டே கேரிலும் குழந்தை மருத்துவரிடமும் உங்கள் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஆதாரம் கேட்டால் இவைதான் கைகொடுக்கும்.

அடுத்து, படிவம் 8332-இல் கையெழுத்திட்டால் எது போகிறது, எது போகாது? எல்லாமே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போவது சைல்டு டாக்ஸ் கிரெடிட், அதாவது குழந்தைக்காக வரியில் கிடைக்கும் சலுகைதான். 2025-ஆம் வரி ஆண்டுக்கு, 17 வயது நிறையாத குழந்தை ஒன்றுக்கு 2,200 டாலர் வரை. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (துணையின்றிக் குடும்பத்தை நடத்துபவர்) என்ற தகுதியும், டே கேர் செலவுக்கான கிரெடிட்டும், குறைந்த வருமானக்காரர்களுக்கான ஏர்ன்ட் இன்கம் கிரெடிட்டும், அவற்றுக்குரிய மற்றத் தகுதிகள் இருந்தால், கஸ்டடி உள்ளவரிடமே தங்கும். படிவம் 8332 இவற்றை மாற்றாது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டாக ஃபைல் செய்பவருக்கு 2025-இல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் தொகை) 23,625 டாலர். சிங்கிளாக ஃபைல் செய்தால் 15,750 மட்டுமே. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "படிவம் என் கையில் இருக்கிறது, நானும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்" என்று அந்தக் குழந்தையை வைத்து அப்பா போடுவது தவறு. இதை இங்கே அடிக்கடி பார்க்கிறோம்.

கையெழுத்திடுவது எப்போதும் நஷ்டம் என்றும் சொல்லமாட்டேன். உங்களுக்குச் சம்பளமே இல்லாத வருடத்தில் அந்த கிரெடிட்டால் உங்களுக்குப் பெரும்பாலும் பலன் இருக்காது. முன்னாள் கணவருக்குக் கிடைக்கட்டும் என்று விட்டு, அதற்கு ஈடாக டிக்ரீயில் வேறு ஏதாவது கேட்டு வாங்கலாம். ஆனால் மறுமணம் செய்யாத அவருடைய வருமானம் 200,000 டாலரைத் தாண்டினால் கிரெடிட் குறைய ஆரம்பிக்கும். ஒரு குழந்தைக்கு 244,000 வந்தால் ஒன்றுமே மிஞ்சாது. ஐ.டி.யில் நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு எழுதிக்கொடுத்தால், யாருக்கும் பயனில்லாமல் போகலாம். சமரசப் பேச்சிலேயே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையெழுத்திடுவதாக இருந்தால் தயவுசெய்து படிவத்தின் முதல் பகுதியில் மட்டும், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் இடுங்கள். இரண்டாம் பகுதி வருங்கால வருடங்களுக்கானது. "எல்லா வருடங்களும்" என்று அதில் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. பிறகு மனம் மாறினால் மூன்றாம் பகுதி வழியாக ரத்து செய்யலாம்தான். ஆனால் 2026-இல் அவருக்கு அறிவித்தால் 2027-ஆம் வரி ஆண்டிலிருந்துதான் அது செல்லும்.

நம் ஊர்க்காரர்களுக்கே வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஹெச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில்) இருக்கும் மனைவிக்கு விவாகரத்தோடு அந்த ஸ்டேட்டஸும் போய்விடும். வேறு வழியின்றி, இங்கே பிறந்த குழந்தையோடு அவர் ஊருக்குத் திரும்புகிறார். குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பதால் இங்கிருக்கும் அப்பா வழக்கம்போல வரியில் காட்டிக்கொண்டே இருக்கிறார். குடியுரிமை மட்டும் போதாது. குழந்தை அம்மாவோடு கோயம்புத்தூரில் இருந்தால் அதிக இரவுகள் அம்மாவோடுதான். அவர் கையெழுத்திட்ட 8332 வேண்டும். அம்மாமார்களே, அமெரிக்காவை விட்டுப் போனாலும் அந்தக் கையெழுத்து உங்களுடையது. அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இந்தியாவில் பிறந்து, எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லாமல் ஐ.டி.ஐ.என். (வரிக்கு மட்டுமான அடையாள எண்) மட்டும் உள்ள குழந்தைக்கு 2,200 கிடையாது. 500 டாலர் கிரெடிட்தான். குடியுரிமையோ இங்கே ரெசிடெண்ட் தகுதியோ இல்லாமல் ஊரிலேயே வளரும் குழந்தையைக் காட்டவே முடியாது.

இன்னும் விவாகரத்து ஆகவில்லை, பிரிந்து மட்டும் இருக்கிறோம் என்பவர்களுக்கு: டிசம்பர் 31 அன்று சட்டப்படி திருமணம் நீடித்தால் நீங்கள் மணமானவர்தான். ஆனால் வருடத்தின் கடைசி ஆறு மாதமும் கணவர் உங்கள் வீட்டில் வசிக்காமல், குழந்தை பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு இருந்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் செய்திருந்தால், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டாக ஃபைல் செய்ய வழி இருக்கிறது. அப்புறம், சைல்டு சப்போர்ட்டாக வாங்கும் பணம் உங்கள் வருமானம் ஆகாது. கொடுப்பவர் அதைக் கழிக்கவும் முடியாது.

சரி, அவர் முந்திக்கொண்டு குழந்தையைக் காட்டிவிட்டார், நீங்கள் ஆன்லைனில் அனுப்பிய ரிட்டர்ன் (ஈ-ஃபைல்) ஏற்கப்படாமல் திரும்பிவிட்டது. பயந்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஐ.பி. பின் (உங்களை அடையாளம் காட்டும் ரகசிய எண்) வாங்கி மறுபடி ஈ-ஃபைல் செய்யுங்கள்; 2025 ஃபைலிங் சீசனிலிருந்து அப்படி ஏற்கிறார்கள். இல்லையென்றால் தாளில் அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு இருவருக்கும் சிபி87ஏ என்ற நோட்டீஸ் வரலாம். உரிமை இல்லாதவர் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும், உரிமை உள்ளவர் அப்படியே இருக்கலாம். அலட்சியமாகத் தவறாகக் காட்டியவருக்கு அந்த கிரெடிட் இரண்டு வருடம் தடைபடும், மோசடி என்றால் பத்து வருடம். வருமானம் குறைவாக இருந்தால், ஐ.ஆர்.எஸ்-ஸோடு வரும் இத்தகைய தகராறுகளில் லோ இன்கம் டாக்ஸ்பேயர் கிளினிக்குகள் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ உங்களுக்காகப் பேசுவார்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் பதில் தேதி தாண்டுவதற்குள் அவர்களைக் கூப்பிடுங்கள்.