தங்கைக்கு எம்.எஸ்., டெஸ்ட்டில் மார்க் குறைந்திருக்கிறது. மறதி நோயா?

வேளச்சேரிவாசி:
தங்கைக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை தேயும் நோய்) வந்து ஆறு வருடம். நடை பரவாயில்லை. ஆனால் மீட்டிங்கில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பிடிபடவில்லை, அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது என்கிறாள். போன வாரம் ஒரு டெஸ்ட் எடுத்தார்கள்: மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், கீழே கலைந்து கிடக்கும் குறிகளுக்கு 90 நொடி வரை எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். டிசம்பரில் 52, இப்போது 45. எம்.ஆர்.ஐ.யில் புதிதாக எதுவும் இல்லை. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். தினமும் வீட்டில் பழக்கிவிடலாமா?

பறக்கும்ரயில்:
எனக்கும் எம்.எஸ்.தான், 11 வருடம். தங்கை எடுத்த டெஸ்ட்டுக்குப் பெயர் எஸ்.டி.எம்.டி., முக்கியமாக மூளையின் வேகத்தைப் பார்ப்பது. நமக்குப் பல நேரம் விஷயம் மறப்பதில்லை, பேச்சு ஓடுகிற வேகத்தில் உள்ளேயே போய்ச் சேர்வதில்லை. ஆமாம், நாலு மார்க் குறைந்தாலே டாக்டர்கள் கவனிப்பார்கள், ஏழு குறைந்ததை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் எந்த நேரத்தில் எடுத்தார்கள்? நான் ஒருமுறை அக்னி நட்சத்திரத்தில், மதியம், ஷேர் ஆட்டோவில் வெந்துபோய் நேராக உட்கார்ந்தேன், வந்த மார்க்கைச் சொல்லவே வெட்கம். உறை தேய்ந்த நரம்பில் சூடு ஏறினால் சிக்னல் இன்னும் தடுமாறும்.

மாம்பலம்_சைக்காலஜிஸ்ட்:
பழக்க வேண்டாம் சார்! மார்க் ஏறும், மூளை வேகம் ஏறியதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஞாபகத்துக்குத் தனி டெஸ்ட் இருக்கிறது. பைகேம்ஸ் என்ற மூன்று டெஸ்ட் தொகுப்பைக் கேளுங்கள். இதே எஸ்.டி.எம்.டி., அப்புறம் 16 சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டி ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லச் சொல்வது, ஆறு உருவங்களைப் 10 நொடி காட்டி மறைத்து வரையச் சொல்வது (மூன்று முறை), எல்லாம் கால் மணி நேரம்தான். மறதி நோய்க்குக் கேட்கும் 'இன்று என்ன கிழமை' வகைக் கேள்விகள் எம்.எஸ்.ஸில் இருக்கும் தொய்வைப் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். இன்னொன்று, எண்களைத் தமிழில் சொன்னாரா, இங்கிலீஷிலா? 'நைன்' ஓர் அசை, 'ஒன்பது' மூன்று. எப்போதும் ஒரே மொழியில் சொல்லட்டும். தூக்கம், மனச்சோர்வு இரண்டையும் விசாரியுங்கள், அவையும் மார்க்கைக் குறைக்கும்.

வேளச்சேரிவாசி:
கேட்டேன். மதியம் 2 மணி, முந்தின இரவு சரியான தூக்கமில்லை. போன தடவை இங்கிலீஷ், இந்தத் தடவை தமிழாம்! காலை நேரத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், ஞாபக டெஸ்ட்டும் சேர்த்து. தங்கை ஆபீஸ் போயிருந்தபோது நானே வேறு குறிகளைப் போட்டு அம்மாவுக்கு வைத்துப் பார்த்தேன். 28. அழுகை நின்றுவிட்டது, என் கையெழுத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.