முதல் கேம்பிங் போகும் பாண்டிக் குடும்பங்களுக்கு: காசை எதில் போடுவது?

விடுமுறைக்கு வந்து முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தங்கை மகள் ஆகஸ்டில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் பிரான்சில் துலூஸ் நகருக்குக் குடிபோகிறாள். அங்கே கோடை வந்தால் பாதி ஊர் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே ஆன்லைனில் 'நான்கு பேருக்கு' என்று போட்டிருந்த டென்ட் ஒன்றை இங்கேயே வாங்கிவிட்டாள். "பெரியம்மா, இது போதுமா பாருங்க" என்றாள். நான் பிரான்சுக்குப் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பாண்டி, கடலூர்ப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் எத்தனையோ குடும்பங்கள் அங்கே போகின்றன.

டென்ட்டை மொட்டை மாடியில் விரித்தோம். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. அதனால் நாலு மூலையையும் செங்கல்லிலும் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டினோம். பிறகு நாலு பேரையும் உள்ளே படுக்கச் சொன்னேன். படுத்தார்கள், ஆனால் தோளோடு தோள் இடித்தது. மாப்பிள்ளையின் கால் ஒரு பக்கத் துணியைத் தொட்டது, சின்னவனின் தலை மறுபக்கத் துணியில் முட்டியது. பைகளை வைக்க ஒரு சாண் இடம்கூட இல்லை. 'நான்கு பேர்' என்றால் நாலு மெத்தையை ஒட்டி ஒட்டிப் போடலாம் என்றுதான் அர்த்தம், ஆளுக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். நாலு பேர் உள்ள குடும்பம் 'ஆறு பேர்' டென்ட் வாங்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து நின்று உடை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. முன்னால் செருப்பும் ஈரத்துணியும் போட ஒரு திண்ணை மாதிரி மூடிய இடம் கட்டாயம் இருக்க வேண்டும். மழை நாளில் குடும்பம் உட்காருவது அங்கேதான்.

அப்புறம் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மெதுவாக மேலே ஊற்றினேன். துணி நனைந்தது, ஆனால் ஒழுகவில்லை. ஒழுகியது தையலில்தான். உட்பக்கம் விரலை வைத்துத் தடவியபோது தையல் நெடுகத் துளித்துளியாகத் தண்ணீர் கோத்து நின்றது. நல்ல டென்ட்டில் தையலின் பின்புறம் பளபளவென்று ஒரு டேப் ஒட்டியிருக்கும், இதில் அது இல்லை. அதோடு இது ஒற்றைத் துணி. உள்கூடு ஒன்று, அதன்மேல் படாமல் விரியும் வெளித்துணி ஒன்று என இரண்டு அடுக்கு இருப்பதை வாங்குங்கள். நாலு பேர் இரவு முழுக்க விடும் மூச்சில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வெளியேறும். குளிர்ந்த துணியில் பட்டு அது சொட்டும். இரண்டு அடுக்கு இருந்தால் வெளித்துணியின் உட்பக்கமாக வழிந்து போய்விடும், உங்கள் மேல் விழாது. குளிருக்குப் பயந்து காற்றோட்டத் துவாரங்களை மூடிவிடாதீர்கள்.

அட்டையில் மில்லிமீட்டரில் ஓர் எண் போட்டிருக்கும். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதுதான் அது. 1500 என்பது குறைந்தபட்சம். குடும்ப டென்ட்டின் மேல்துணிக்கு 2000 முதல் 3000 வரை இருந்தால் நிம்மதி. அடித்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், நம் முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் அதிகம் அல்லவா. ஜூன், ஜூலையில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புப் பூச்சுத் துணியிலும் டென்ட் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

டென்ட் பற்றி இவ்வளவு போதும். நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது வேறு. இருக்கும் பணத்தில் பெரிய பங்கை உங்களுக்குக் கீழே விரிப்பதில் போடுங்கள்.

நமக்கு மழை தெரியும், காற்று தெரியும், வெயில் தெரியும். தரையிலிருந்து ஏறும் குளிர் மட்டும் தெரியாது. மார்கழி விடியலில் 20 டிகிரி என்றாலே காதில் துண்டைக் கட்டிக்கொள்கிற ஊர் நம்முடையது, அப்போதும் தரையில் பாயைப் போட்டுத்தான் படுப்போம். எங்கள் முதல் கேம்பிங் ஒரு ஜூன் மாதம், ஓவேர்ஞ் மலைப் பகுதியில். பகலில் 25 டிகிரி, பிள்ளைகள் அரைக்கை சட்டையில் ஓடினார்கள். விலை கூடிய டென்ட் வாங்கியிருந்தோம். படுக்க, காற்றடிக்கும் பிளாஸ்டிக் மெத்தை. போர்த்திக்கொள்ள, ஊரிலிருந்து கொண்டுபோன பருத்திப் போர்வைகள். இரவு ஒரு மணிக்குச் சின்ன மகள் எழுப்பினாள். உதடு வெளுத்திருந்தது, முதுகு சில்லென்றிருந்தது. போர்வை மேல் போர்வையாகப் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. காருக்குள் போய் ஹீட்டரைப் போட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் பக்கத்து டென்ட்டுப் பாட்டி ஒருவர் பார்த்துவிட்டு, தடித்த ஃபோம் மேட் இரண்டைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் மெத்தையின் மேல் போட்டுவிட்டுப் போனார். அடுத்த இரவு அதே போர்வைகளோடு எல்லாரும் தூங்கினோம்.

காரணம் இதுதான். வெறும் காற்று மெத்தையில், உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்று உள்ளே சுற்றிச் சுற்றி அடிப்பக்கம் போய்த் தரையில் குளிர்ந்துவிடும். இரவு முழுக்க நாம் தரைக்குச் சூடு கொடுத்துக்கொண்டே இருப்போம். மேட் வாங்கும்போது 'ஆர் மதிப்பு' (R-value) என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். தரைக் குளிரை மேட் எவ்வளவு தடுக்கும் என்பதுதான் அது. 1, 2 என்றால் நல்ல வெயில்காலச் சமவெளிக்குத்தான் சரிப்படும். கோடையில் மலைப்பக்கமும் போவோம், செப்டம்பரிலும் போவோம் என்றால் 3 அல்லது 4 வேண்டும். இரண்டு மேட்டை அடுக்கினால் இரண்டின் எண்ணும் கூடும். ஏற்கெனவே காற்று மெத்தை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம், மேலே ஒரு ஃபோம் மேட் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்து படுக்கும் பையான ஸ்லீப்பிங் பேக்கிலும் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிகிரியை நம்பி வாங்காதீர்கள். 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவு அல்ல. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். போகும் இடத்து இரவுக் குளிரைவிட அது நாலைந்து டிகிரி குறைவாக இருக்கட்டும். குளிருக்குப் பழகாத உடம்புக்கு அந்த இடைவெளி தேவை. பெரியவர்கள் பையில் பிள்ளையைப் போட்டால் காலடியில் காலி இடம் சூடாகாமல் கிடக்கும், அவர்களுக்கென்று சிறிய பை வாங்குங்கள்.

காற்றைப் பற்றி. 2011 டிசம்பர் 30, தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்த காலை, நான் இங்கேதான் இருந்தேன். எதிர்வீட்டுக் கொட்டகையில் காற்று புகுந்த பக்கம்தான் முதலில் எழும்பியது. அந்தப் பக்கத்துக் கட்டு அவிழ்ந்ததும் முழுக் கூரையும் போய்விட்டது. டென்ட்டும் அப்படித்தான். வாசலைக் காற்றுக்கு எதிராக வைக்காதீர்கள், தாழ்ந்த முதுகுப்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டுங்கள். எல்லா இழுகயிறுகளையும் கட்டுங்கள், மாலையில் ஓர் இலைகூட அசையாவிட்டாலும் சரி. முளையை டென்ட்டுக்கு வெளிப்புறம் சாய்த்து அடித்தால்தான் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வராது. பெட்டியோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கல் தரையில் வளைந்துவிடும், தடித்த இரும்பு முளை பத்தும் ஒரு சுத்தியலும் தனியாக வாங்குங்கள்.

சமையல் நம் ஆட்களுக்குப் பெரிய கவலை. முதல் நாளுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு போய்விடுங்கள், டென்ட் அடிக்கிற நாளில் சமைக்கத் தெம்பு இருக்காது. கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே வாங்குங்கள். முழுக்க பியூட்டேன் உள்ள கேன் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் ஆவியாகாமல் படுத்துவிடும். புரோப்பேன் கலந்தது என்றால் எரியும். ஊரிலிருந்து ஒரு மூன்று லிட்டர் குக்கர் எடுத்துப்போங்கள், கேஸ் நிறைய மிச்சமாகும். காற்றுத் தடுப்பை அடுப்பையும் கேனையும் சேர்த்துச் சுற்றி வளைத்து வைக்கவே கூடாது, கேன் சூடேறும்.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், டென்ட்டுக்குள் எதையும் எரிக்காதீர்கள். அடுப்பு, அணைந்துபோனதாகத் தெரியும் கரி, கொசுவத்திச் சுருள், எதுவும் வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். டென்ட் துணி பற்றிக்கொண்டால் சில நொடிகள்தான். கொசுவுக்கு உள்கூட்டின் வலையை மூடினாலே போதும். வெளியே விறகு மூட்டும் ஆசையும் வேண்டாம். பிரான்சில் காட்டிலும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் நிலத்துச் சொந்தக்காரர் அல்லாதவர்கள் தீ மூட்டச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

மின்சாரம் உள்ள இடத்தை முன்பதிவு செய்தால் நீலநிறத் தொழிற்சாலை பிளக்குக்கான அடாப்டர் பெரும்பாலும் தேவைப்படும். 6 ஆம்பியர்தான் கொடுத்தார்கள் என்றால் சுமார் 1380 வாட் வரைதான் இழுக்கலாம். ரைஸ் குக்கர் ஓடும். 2000 வாட் கெட்டிலைப் போட்டால் டப்பென்று போய்விடும்.

முதல் பயணத்துக்கு வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், சமவெளியில், ஊராட்சி நடத்தும் கேம்பிங் இடமாகப் பாருங்கள். இரண்டு இரவு போதும். பெரும்பாலான இடங்களில் இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது, காரும் அசையக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். புல்லில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளை இரவு குளிப்பாட்டும்போது காதுப் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா பாருங்கள். அதை எடுக்கும் சிறு கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும். கடித்த இடத்தைச் சுற்றிப் பின்னால் சிவப்பு வட்டம் படர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. டென்ட்டை முதல் தடவை யாரிடமாவது இரவல் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். அங்கே கோடையில் தெருவுக்குத் தெரு நடக்கும் பழம்பொருள் சந்தை நம் காந்தி வீதி ஞாயிறு சந்தை மாதிரிதான், அங்கும் கிடைக்கும். ஆனால் வாங்குமுன் முழுக்கப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள், கம்பிகளில் கீறல் இருக்கிறதா தடவுங்கள். உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர்ப்பூச்சு கெட்டுவிட்டது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மேட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் மட்டும் புதிதாக, உங்களுடையதாக இருக்கட்டும்.

தங்கை மகளின் டென்ட்டைப் பிள்ளைகள் விளையாட இங்கேயே விட்டுவிட்டுப் போவதாக முடிவாகியிருக்கிறது. குடத்துத் தண்ணீரில் நனைந்ததை மாடிக் கொடியில் போட்டோம், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அங்கே அந்த வெயில் கிடைக்காது. திரும்பி வந்த அன்றே அபார்ட்மென்டில் கதவு மேலும் நாற்காலி மேலும் விரித்துப் போடுங்கள். தையல் ஓரத்தையும் அடித்துணியின் மூலைகளையும் கையால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம்கூட ஈரம் தட்டுப்படாதபோது மடித்து வையுங்கள்.