திருமலை நாயக்கர் மகால்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கீழவாசல்காரன்:

போன மாதம் மகளை மகாலுக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது வயசு. ராஜா கொலுவிருந்த சொர்க்கவிலாச மண்டபத்தைச் சுற்றி வந்து, நாடகசாலையையும் பார்த்துவிட்டு, "அவ்ளோதானாப்பா?" என்று கேட்டாள். 1636இல் மதுரை மன்னர் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசிதான். இதை வாயால் சொன்னால் பிள்ளைக்கு என்ன புரியும்? கையைப் பிடித்துப் பத்துத்தூண் சந்துக்கு நடத்திப்போனேன்.

மதுரைக்காரர்களுக்குத் தெரியும், அது முழுக்கத் துணிக்கடைகள். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போகவேண்டும். கடைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால் பத்துத் தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே தாங்குவதற்கு எதுவும் கிடையாது. மகள் தூணடியில் நின்று தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுவும் ராஜா வீடாப்பா?"

"ஆமாடா."

"அப்ப இங்கயிருந்து அங்க வரைக்குமா!"

மகாலுக்குள் ஒரு மணி நேரம் சொல்லியும் புரியாதது, அந்தச் சந்தில் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. மகாலுக்கு வருகிறவர்களில் பலர் இந்தத் தூண்களைப் பார்க்காமலே ஊருக்குத் திரும்புகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கொத்தனார் மகன்:

என் அப்பா பழைய கட்டட வேலைக்காரர். சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு வேலை, தெரிந்த கடைசித் தலைமுறை. சின்ன வயசில் மகாலுக்குக் கூட்டிப்போனவர், எதையும் காட்டுவதற்கு முன்னால் என் உள்ளங்கையைப் பிடித்துத் தூணில் வைத்தார். சித்திரை வெயில் வெளியே கொளுத்துகிறது, தூண் சில்லென்று இருக்கிறது. வழவழவென்று கண்ணாடி மாதிரி.

"கல்லுன்னா நெனச்ச? சுண்ணாம்புடா இது" என்றார்.

அந்தப் பக்குவத்தை அவர் செய்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊறப்போடுவார். கடுக்காயை இடித்துத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிட்டு, கருப்பட்டி கரைத்து, அந்தத் தண்ணீரை விட்டுத்தான் மணலோடு சேர்த்து அரைப்பார். அவசரப்பட்டால் வெடித்துவிடும். கடைசிப் பூச்சுக்கு நன்றாகச் சலித்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கரு. அது ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தோள்பட்டை விட்டுப்போகும். ஒரு சின்னச் சுவருக்கே அப்பா அரைநாள் தேய்ப்பார். மகாலில் 248 தூண் என்கிறார்கள். எத்தனை கை தேய்த்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சொர்க்கவிலாசத்துக் குவிமாடத்தில் உத்தரமோ விட்டமோ கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, பாரத்தைத் தூணுக்கு இறக்கிவிடுகிறது. அந்தத் தூணில்தான் ஆணியால் பெயர் கீறி வைக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பார்த்தால் தடுங்கள். பெயர்ந்ததைப் பழையபடி பூசத் தெரிந்தவர்கள் இன்றைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

மகால் தெருப் பேத்தி:

எங்கள் பாட்டி வீடு மகாலுக்குப் பின்பக்கத் தெரு. நாங்கள் சௌராஷ்டிரர்கள், நெசவுக் குடும்பம். விடிகாலையில் தெருவோடு பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்டுவார்கள். அந்த நூலுக்கு அந்தப் பக்கம் மகால் சுவர். பக்கத்திலேயே நவபத்கானா தெரு. அரண்மனையில் முரசும் வாத்தியமும் முழங்கிய இடத்தின் பெயர் இன்னும் தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தாத்தா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அப்போது மகாலுக்குள்தான் ஜில்லா கோர்ட்டு, 1970 வரைக்கும். கிராமத்திலிருந்து சாட்சி சொல்ல வந்தவர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்துத் தூணடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். தாத்தாவுக்கு அது கடைசிவரை 'கோர்ட்டு'தான், மகால் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

வண்டியூர்:

ஒலி-ஒளிக் காட்சிக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். சிலப்பதிகாரக் கதை. கண்ணகி குரல் வரும்போது விளக்கு அணைந்து, ஒரு மூலை மட்டும் சிவப்பாகும். பயந்து பக்கத்துப் பையன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ச் சேதி ஒன்று. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்தான் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தைப்பூசத் தெப்பத்துக்குப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை:

திருச்சிக்காரன் நான் எழுதலாமா என்று யோசித்தேன். உங்கள் மகாலை உடைத்தது எங்கள் ஊருக்காகத்தானே! திருமலையின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கே அரண்மனை எழுப்ப அங்கிருந்து பிரித்துக் கொண்டுவந்தார். தாத்தா கட்டியதைப் பேரன் பிரித்தான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. பிறகு கேட்பாரற்றுக் கிடந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் செப்பனிடவைத்தார். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் கீழவாசல்காரன் மகளுக்குக் காட்ட அந்தக் கால்வாசியும் இருந்திருக்காது.

இங்கே மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது, அரசு அருங்காட்சியகமாக. உள்ளே நுழைந்ததும் சிலைகளைப் பார்க்கமாட்டேன், வளைவைத்தான் பார்ப்பேன். மதுரையில் படித்த மூன்று வருடமும் மகாலில் பார்த்த அதே சாயல்.

கீழவாசல்காரன்:

மலைக்கோட்டை அண்ணே, தாராளமா எழுதுங்க. பள்ளி லீவு விட்டதும் மகளைத் திருச்சிக்குக் கூட்டி வர்றேன். மங்கம்மாள் மகால் வாசல்ல நீங்க நின்னா நல்லா இருக்கும்.