12 மீட்டர் அறைக்கு ஒரு கேமரா: யூஎஸ்பி போதுமா, எஸ்டிஐ வேண்டுமா?

பிடோக் வாசகன்:
சிங்கப்பூரில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை சமூக மன்ற அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறது. நேரில் 30 பேர், ஜூமில் 15 பேர். சென்னை, பினாங்கு, பெர்த் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். இதுவரை மடிக்கணினிக் கேமராவிலேயே ஓட்டிவிட்டோம். போன மாதம் 80 வயது தாண்டிய ஓர் ஐயா, தம் சிறுவயதுத் தஞ்சோங் பகாரைப் பற்றி 40 நிமிடம் பேசினார். முடிந்ததும் பினாங்கிலிருந்து ஓர் அம்மா, "குரல் கேட்டுச்சுப்பா, முகம்தான் தெரியவே இல்லை" என்றார். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

பேசுபவர் அந்த 12 மீட்டர் அறையின் ஒரு கோடியில் நிற்பார். மடிக்கணினி மேசை 9 மீட்டர் தள்ளிச் சுவரோரம். கையில் 1,200 வெள்ளி இருக்கிறது. கூடுதல் தெளிவுள்ள 4கே வெப்கேம் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஈசூன் கம்பிக்காரன்:
சரியாகாது, தம்பி. 15 வருடமாகக் கூட்ட அறைகளுக்கு வயர் இழுக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது 4கே தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண வெப்கேம் பக்கவாட்டில் சுமார் 70 பாகை பார்க்கும். 9 மீட்டர் தள்ளி நின்றால் அதற்குள் ஏறக்குறைய 12.5 மீட்டர் அகலம் விழும். ஒரு முகம் 15 சென்டிமீட்டர். 1080பி படத்தில், அதாவது அகலத்தில் 1,920 புள்ளி உள்ள படத்தில், அந்த முகத்துக்குக் கிடைப்பது 23 புள்ளி. 4கே என்றால் 46. ஆனால் கூட்டச் செயலிகள் பெரும்பாலும் படத்தை 720பி (அகலத்தில் 1,280 புள்ளி) அல்லது அதற்கும் கீழே இறக்கித்தான் அனுப்புகின்றன. பினாங்கு அம்மாவுக்குப் போய்ச் சேருவது 15 புள்ளி!

உங்களுக்கு வேண்டியது ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே காட்சியைக் கிட்டே இழுப்பது. 12 மடங்கு ஜூம் உள்ள பிடிஇசட் கேமரா (ரிமோட்டில் பக்கவாட்டிலும் மேலும் கீழும் திருப்பக்கூடியது) ஒன்று, எஸ்டிஐ வெளியீட்டோடு, பழையதானாலும் பரவாயில்லை. எஸ்டிஐ என்பது ஒளிபரப்புக் கேமராக்கள் படம் அனுப்பும் முறை. அதற்கான கோஆக்ஸ் வயர், டிவி ஆண்டெனா வயர் மாதிரியானது, 1080 படத்தைச் சுருக்காமல் பல பத்து மீட்டர் கொண்டுபோகும். முனையில் திருகிப் பூட்டும் பிஎன்சி இணைப்பு இருப்பதால் கால் தட்டினாலும் கழன்று வராது.

தேக்கா டீச்சர்:
கம்பிக்கார அண்ணன் கணக்கு சரி, முடிவு சரியில்லை. தூரம்தானே சிக்கல்? அப்போ தூரத்தைக் குறைக்கலாமே. கேமராவை முக்காலியில் வைத்துப் பேசுபவருக்கு 2 மீட்டர் பக்கத்தில் நிறுத்துங்கள். அதே 1080பி யூஎஸ்பி கேமராவில், 720பி-க்கு இறங்கிய பிறகும் முகத்துக்கு 70 புள்ளி வரை கிடைக்கும். மடிக்கணினி மேசையையும் முன்னால் இழுத்துப் போடுங்கள். ஒரு மின் நீட்சி வயர், கதை முடிந்தது.

வாடகை அறை இது. சுவரில் எதையும் மாட்ட முடியாது, ஒவ்வொரு மாதமும் எடுத்து வைத்துக் கழற்ற வேண்டும். செய்யப்போவது தொண்டூழியர்கள். எஸ்டிஐ என்றால் கேமராவுக்கு ஒரு ப்ளக், படத்தை மடிக்கணினிக்குள் கொண்டுவர ஒரு கேப்சர் பெட்டி, ரிமோட், அதற்குப் பேட்டரி. யூஎஸ்பி கேமராக்கள் பெரும்பாலும் யூவிசி என்ற பொது முறையில் வருபவை, தனி மென்பொருள் வேண்டாம். செருகினால் கணினி தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

நான் வகுப்பெடுத்த ஓர் இடத்தில் பிடிஇசட் வாங்கி வைத்தார்கள். அதை அமைத்தவர் வேலை மாறிப் போனதும் யாருக்கும் ப்ரீசெட் (முன்பே பதித்து வைத்த கோணம்) மாற்றத் தெரியவில்லை. 3 மாதம் அந்தக் கேமரா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பாவம்.

ஈசூன் கம்பிக்காரன்:
டீச்சர், மேசையை முன்னால் போட்டால் முதல் வரிசைக்கு என்ன தெரியும்? பேசுபவர் முகத்துக்கு 2 மீட்டரில் கேமராவும் மேசையும் ஒரு தொண்டூழியரும். 80 வயது ஐயா அதைப் பார்த்துக்கொண்டு மனம் திறந்து பேசுவாரா?

இன்னொன்று. யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டருக்குத்தான். நானே ஒரு மண்டபத்தில் அவசரத்துக்கு 15 மீட்டர் மலிவு நீட்சி வயர் போட்டேன். 20 நிமிடம் ஓடியது, அப்புறம் கேமரா கணினியிலிருந்தே காணாமல் போய்விட்டது. மணப்பெண்ணின் பாட்டி சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தவறு என்னுடையது, இன்றுவரை மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படத்தின் தரத்தையும் பாருங்கள். 1080பி, நொடிக்கு 30 படம், சுருக்காமல் போனால் ஏறத்தாழ 1 கிகாபிட். யூஎஸ்பி 2.0 தாங்குவது 480 மெகாபிட். அதனால் கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, ஜூம் செயலி அதை மறுபடி சுருக்குகிறது.

தேக்கா டீச்சர்:
5 மீட்டர் வரம்பு உண்மை. அதனால்தான் மடிக்கணினியையே நகர்த்தச் சொன்னேன், வயரை நீட்டச் சொல்லவில்லை. இரண்டு முறை சுருக்குவதை 720பி-யில் பார்க்கிறவர் கண்டுபிடிக்கவா போகிறார்? முதல் வரிசை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நேர் எதிரே வேண்டாம், ஓரமாக வைக்கலாம்.

பெர்த்திலிருந்து:
நான் அந்தப் பக்கம் இருப்பவள். பல தமிழ்க் கூட்டங்களில் ஜூம் வழியாகத்தான் சேருகிறேன். எனக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம் என்பதால் விடமாட்டேன். இரண்டு பேரும் பேசுபவரின் முகத்தை மட்டும் யோசிக்கிறீர்கள். கேள்வி கேட்பவர் யார் என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. உரையாடல் சூடுபிடிக்கும்போது நாங்கள் மேடையையும் ஒரு குரலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில்தான் வெளியே தள்ளப்பட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம், பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் எந்தக் கேமராவும் முகத்தைக் கறுப்பாகத்தான் காட்டும்.

பிடோக் வாசகன்:
இருக்கிறது அக்கா, மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். கூட்டம் மாலை 4 மணிக்கு. இது எனக்குத் தோன்றவே இல்லை. சில நேரம் படத்தில் கோடு கோடாகவும் ஓடுகிறது.

ஈசூன் கம்பிக்காரன்:
கோடு ஓடுவது விளக்கால். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா 60-க்கு அமைக்கப்பட்டிருக்கும். கேமரா அமைப்பிலோ ஜூமின் வீடியோ அமைப்பிலோ 50-க்கு மாற்றுங்கள், நின்றுவிடும். பேசுபவரைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் திரையை இறக்குங்கள்.

பெர்த் அக்கா சொன்னதற்கு டீச்சரின் முக்காலியில் பதில் இல்லை. ஓரத்தில் ஒரு பிடிஇசட் வைத்து, பேசுபவருக்கு ஒரு ப்ரீசெட், சபைக்கு ஒரு ப்ரீசெட். இரண்டே பொத்தான்.

தேக்கா டீச்சர்:
அந்த இரண்டு பொத்தானை அழுத்த ஒருவர் தவறாமல் வருவார் என்றால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த மாதிரிக் கேமரா பலவற்றில் யூஎஸ்பியும் எஸ்டிஐயும் சேர்ந்தே வருகின்றன. அதை வாங்கி, முதலில் யூஎஸ்பியில் மடிக்கணினியோடு பழகட்டும். கேப்சர் பெட்டியை இப்போதே வாங்கவேண்டியதில்லை.

பிடோக் வாசகன்:
இந்தச் சனிக்கிழமை காசு செலவழிக்காமல் பார்க்கிறேன். மேசையை ஓரமாக முன்னால் நகர்த்தி, திரையை இறக்கி, 50 ஹெர்ட்ஸ் வைத்து, நண்பரின் 1080பி வெப்கேமோடு. கேள்வி நேரத்தில் முக்காலியைச் சபைப் பக்கம் திருப்ப ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். பெர்த் அக்கா, நீங்களும் ஜூமில் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா? இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

பெர்த்திலிருந்து:
கட்டாயம் வருகிறேன். பினாங்கு அம்மாவையும் கூப்பிடுங்கள்.

ஈசூன் கம்பிக்காரன்:
சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. 4 மணிக்கென்றால் 3 மணிக்கே வருகிறேன், என் பிடிஇசட்டையும் 20 மீட்டர் கோஆக்ஸையும் எடுத்துக்கொண்டு. இரண்டையும் போட்டுப் பார்ப்போம் டீச்சர், நீங்களும் வாங்க.