வாட்டர்மார்க் எங்கே, எவ்வளவு அழுத்தமாகப் போடுவது? தளத்தில் ஏற்கெனவே ஏறிய 600 படங்களை என்ன செய்வது?

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் பறவை, பூச்சிப் படங்கள் சுமார் 600 இருக்கின்றன. எல்லாமே கேமராவிலிருந்து வந்த முழு அளவில், நீளப் பக்கம் 6000 பிக்சல். இவை அனைத்துக்கும் வாட்டர்மார்க் (படத்தின் மேல் பதிக்கும் பெயர் அல்லது லோகோ) போட வேண்டும். படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் லைட்ரூம் கிளாசிக், கிம்ப் இரண்டும் பழக்கம்.

மூலையில் சின்னதாகப் பெயர் போட்டால் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் பெரிதாகப் போட்டால் படத்தையே பார்க்க முடியவில்லை. எந்த இடம், எந்த அளவு, எவ்வளவு ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை, அதாவது குறியின் அழுத்தம்) சரியாக வரும்? வெள்ளை லோகோ வெளிச்சமான வானத்தில் காணாமல் போகிறதே, அதற்கு என்ன வழி? வலது கிளிக்கைத் தடுக்கும் ப்ளக்-இன் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டால் பயன் உண்டா? ஏற்கெனவே தளத்தில் இருக்கும் படங்களை எப்படி மாற்றுவது?

கருவிழி பதில்:

வலது கிளிக் தடுப்பு வேண்டாம். பிரவுசரில் படம் தெரிகிறது என்றாலே அந்தக் கோப்பு பார்ப்பவரின் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸில் படத்தின் முகவரியை எடுக்கலாம். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) வழியாகப் படத்தின் மேல் பெயரை மிதக்கவிடும் ப்ளக்-இன்களும் இதே ரகம்தான். திரையில் வாட்டர்மார்க் தெரியும், இறக்கிப் பார்த்தால் சுத்தமான படம் வரும். குறி பிக்சலோடு பிக்சலாகக் கலந்திருக்க வேண்டும்.

இடத்துக்கு வருவோம். வானம், மங்கிய பச்சைப் பின்னணி ஆகியவற்றின் மேல் குறியைப் போடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இன்றைய அழிப்புக் கருவிகள் ஒரே தடவலில் துடைத்துவிடும். சீரான பின்னணியில் கருவி யூகித்து நிரப்ப எதுவுமே இல்லை. நுணுக்கமான வரிகள் இருக்கும் இடத்தில் குறி ஏற வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் மரங்கொத்தி என்றால், குறியின் முன்பாதி தோளிறகுகளின் மேலும் பின்பாதி மரப்பட்டையின் மேலும் வரட்டும். அதை அழிக்கப் போனால் இறகின் புள்ளி வரிசை நடுவில் குழையும், பட்டையின் வெடிப்புகள் ஒட்டாமல் நிற்கும், கை வைத்தது தெரிந்துவிடும். கண்ணையும் அலகையும் மட்டும் விட்டுவிடுங்கள். பார்ப்பவர் பார்வை முதலில் போவது அங்கேதான்.

குறியின் அகலம் படத்தின் அகலத்தில் 25 முதல் 35 சதவீதம், ஒபாசிட்டி 25 முதல் 35 சதவீதம் வைத்துப் பாருங்கள். எழுத்து தடிமனாக இருக்கட்டும். மெல்லிய சாய்வெழுத்து இந்த ஒபாசிட்டியில் ஜேபெக் அழுத்தத்திலேயே பாதி கரைந்துவிடும். இதோடு மூலையில் தளத்தின் பெயரைச் சின்னதாக, 70 சதவீத ஒபாசிட்டியில் தனியாகப் போடுங்கள். அது திருடுபவருக்கானது இல்லை. வேறெங்கோ படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் உங்களைத் தேடி வருபவருக்கானது. நடுக்குறிக்கும் மூலைக்குறிக்கும் வேலை வேறு, அதனால் ஒன்றையே இரண்டுக்கும் இழுக்க வேண்டாம்.

வெள்ளை லோகோ காணாமல் போவதற்கு நிழல்தான் மருந்து. லைட்ரூமில் நிழல் வசதி எழுத்துக் குறிக்கு மட்டுமே உண்டு, படக் குறிக்குக் கிடையாது. ஆகவே நிழலை லோகோவின் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே (ஒளிபுகும் பின்னணியைத் தாங்கும் பட வகை) வைத்துவிடுங்கள். கிம்ப்பில் 2000 பிக்சல் அகலத்தில், பின்னணி ஒளிபுகுவதாக ஒரு புதிய படம். அதில் வெள்ளை எழுத்து அல்லது லோகோ. பிறகு ஃபில்டர்ஸ், லைட் அண்ட் ஷேடோ, டிராப் ஷேடோ. எக்ஸ், ஒய் இரண்டும் 0, மங்கல் 8, ஒபாசிட்டி 0.6. எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கறுப்புப் புகை மாதிரி ஓர் ஓரம் வரும். வெள்ளை வானத்தில் அந்த ஓரம் எழுத்தைக் காட்டும், இருட்டில் எழுத்தே தெரியும். இதை பிஎன்ஜி ஆகவே ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் ஆக்கினால் ஒளிபுகும் பகுதி போய், படத்தின் மேல் வெள்ளைப் பெட்டி உட்கார்ந்துகொள்ளும். சிவப்பு, நீல எழுத்தும் வேண்டாம். ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால் சின்ன வண்ண எழுத்துகளின் ஓரம் கசியும்.

லைட்ரூமில் திருத்து மெனு (மேக்கில் லைட்ரூம் மெனு), எடிட் வாட்டர்மார்க்ஸ், வகை கிராஃபிக். அளவு ப்ரொபோர்ஷனல் 30, ஒபாசிட்டி 30. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில்தான் குறி விழும், பறவையோ ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும். நடு, இடது நடு, வலது நடு, கீழ் நடு என நான்கு முன்னமைவுகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு படங்களை ஓட்டிப் பார்த்தபடி 6, 7, 8, 9 விசைகளால் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல லேபிள் கொடுத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் வடிகட்டி அதற்குரிய முன்னமைவோடு எக்ஸ்போர்ட் செய்யலாம். 600 படம் என்றாலும் ஒரே மூச்சில் முடிகிற வேலை. நெட்டுப் படங்களில் (உயரவாக்கில் இருப்பவை) மட்டும் ஒன்றைத் தனியாக எடுத்துச் சோதித்துவிட்டுத் தொடருங்கள்.

பனித்துளி பதில்:

கருவிழி சொன்ன இடம், நிழல் எல்லாம் சரி. ஆனால் வரிசையில் முதலில் வர வேண்டியது அளவு. 6000 பிக்சல் கோப்பை அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அச்சிட்டால் 20 அங்குலம் வரும். 1600 பிக்சல் கோப்பு ஐந்தரை அங்குலத்தைக்கூட எட்டாது. திரையில் பார்க்க 1600 தாராளம். குறி அழிந்தாலும் திருடியவர் கையில் சுவரொட்டி அச்சிடும் படம் சிக்கக் கூடாது. எக்ஸ்போர்ட்டில் லாங் எட்ஜ் 1600, தரம் 75 முதல் 80.

சிலர் ரெசொல்யூஷன் கட்டத்தில் 72 என்று போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது கோப்புக்குள் எழுதப்படும் ஓர் எண் மட்டுமே. பிக்சல் எண்ணிக்கை மாறாவிட்டால் ஒன்றுமே மாறவில்லை.

இன்னொன்று, 600 படத்திலும் அச்சு அசலாக ஒரே குறி இருப்பதுதான் பெரிய பலவீனம். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே வாட்டர்மார்க் உள்ள படத் தொகுப்பைக் கணினியிடம் கொடுத்தால், படங்கள் மாறிக்கொண்டே இருக்க மாறாமல் இருப்பது குறி மட்டுமே என்பதால் அதன் வடிவத்தைத் தனியே கணித்து, எல்லாப் படத்திலிருந்தும் கழித்துவிடுகிறது. இடத்தை மட்டும் மாற்றினாலும் ஒபாசிட்டியைச் சற்று மாற்றினாலும் குறி தப்பவில்லை. ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தையே லேசாக நெளித்தபோதுதான் கழித்த இடத்தில் தடம் மிஞ்சியது.

லைட்ரூமால் நெளிக்க முடியாது. இமேஜ்மேஜிக் (கட்டளைகளால் படங்களை மாற்றும் மென்பொருள்) இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். லைட்ரூமில் குறியில்லாமல் 1600-க்கு எக்ஸ்போர்ட், பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பிஎன்ஜி-யின் நான்கு மூலைகளையும் தற்செயலாகச் சில பிக்சல் நகர்த்தும் பெர்ஸ்பெக்டிவ் டிஸ்டார்ட், பிறகு அதைப் படத்தின் மேல் ஒட்டும் காம்போசிட். 2000 பிக்சல் லோகோவில் 10 முதல் 15 பிக்சல் நகர்வு கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும். லேபிள் பிரிவுகளை நான்கு ஃபோல்டராக வைத்துக்கொண்டால் இடத்தையும் ஸ்கிரிப்ட்டே பார்த்துக்கொள்ளும்.

லைட்ரூம் வழியே வராத படங்களை (ஃபோன் படங்கள் போன்றவை) இதே ஸ்கிரிப்ட்டில் விட்டால் முதல் கட்டளையாக, படத்தை நேராகத் திருப்பும் ஆட்டோ ஓரியன்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட்டுப் படங்களில் குறி பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். அவற்றில் பிக்சல்கள் கிடைமட்டமாகவே இருக்கும், திருப்பிக் காட்டச் சொல்லும் குறிப்பு மட்டும் எக்ஸிஃபில் (கேமரா கோப்புக்குள் எழுதும் தகவல்) இருக்கும். காரணம் அதுதான்.

கல்தூண் பதில்:

தளத்தில் இருக்கும் படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் நிலைமையில் அவசரமானது இதுதான்.

வேர்ட்பிரஸ் 5.3-இலிருந்து 2560 பிக்சலைவிடப் பெரிய படத்தை ஏற்றினால், அதைச் சுருக்கி, பெயரின் கடைசியில் ஒரு இடைக்கோடும் ஸ்கேல்டு என்ற சொல்லும் சேர்த்த ஒரு பிரதியை உருவாக்கிப் பக்கத்தில் காட்டுகிறது. மூலக்கோப்பை அழிப்பதில்லை. அது அப்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். முகவரியில் அந்த இடைக்கோட்டையும் சொல்லையும் நீக்கிவிட்டு என்டர் தட்டினால் 6000 பிக்சல் படம் முழுசாக வரும். வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும், அகலமும் உயரமும் எண்ணாக ஒட்டியிருக்கும் சின்ன அளவுகளின் முகவரியும் அப்படியே. எண்ணை அழித்தால் பெரிய படத்துக்குப் போய்விடலாம். வாட்டர்மார்க் ப்ளக்-இன்கள் சில, சுருக்கிய பிரதிகளுக்கு மட்டும் குறி போட்டு மூலத்தைத் தொடாமல் விடுகின்றன. உங்கள் 600 படங்களும் இப்போது அப்படித்தான் திறந்து கிடக்கும்.

முழுத் தளத்தையும் பேக்கப் எடுங்கள். எஸ்எஃப்டிபி-யில் (சர்வரின் கோப்புகளை நேரடியாகக் கையாளும் வழி) உள்ளே போய், மூலக்கோப்பு, ஸ்கேல்டு பிரதி இரண்டையும் குறியிட்ட 1600 பிக்சல் கோப்பால், அதே பெயரில், மேலெழுதுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும்கூட, கட்டுரைகளில் படம் உடையும். பிறகு சின்ன அளவுகளைத் திரும்ப உருவாக்குங்கள். ரீஜெனரேட் தம்ப்னெயில்ஸ் ப்ளக்-இன் போதும், கட்டளை வரி தெரிந்தால் வேர்ட்பிரஸுக்கான கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ இன்னும் வேகம். இதை விட்டுவிட்டால் பழைய குறியில்லாத 1536, 2048 பிக்சல் பிரதிகள் ஃபோல்டரிலேயே தங்கிவிடும். அந்த இரண்டு அளவுகளும் 1600 பிக்சல் படத்துக்கு உருவாகுமா என்று பாருங்கள். 2048 உருவாகாது, அதனால் பழைய 2048 கோப்புகள் மேலெழுதப்படாமல் நிற்கலாம். நின்றால் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். கடைசியாக, பழைய பிரதிகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும் கேஷையும் சிடிஎன்-ஐயும் காலி செய்யுங்கள்.

அப்லோட்ஸ் ஃபோல்டரின் முகவரியை நேரடியாகத் திறந்தால் கோப்புப் பட்டியல் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் சர்வர் அமைப்பில் டைரக்டரி லிஸ்டிங்கை அணைக்க வேண்டும்.

தேன்சிட்டு:

ஸ்கேல்டு சொல்லை நீக்கிப் பார்த்தேன், முழுப் படமும் வருகிறது. கல்தூணுக்கு மிக்க நன்றி, இன்றே மாற்றத் தொடங்குகிறேன்.

பனித்துளி சொன்ன ஸ்கிரிப்ட்டில் லோகோவுக்குப் பதில் தமிழில் பெயரையே நேரடியாக எழுதவைத்தால், கொ, கோ எல்லாம் உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. ஃபான்ட் சிக்கலா? அப்புறம், கோப்புக்குள்ளேயே பெயர் எழுதி வைப்பதால் பயன் உண்டா?

பனித்துளி பதில்:

ஃபான்ட்டில் குறையில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை ரக்ம் என்ற நூலகம் செய்கிறது. இமேஜ்மேஜிக்கை அது இல்லாமல் நிறுவியிருந்தால் எழுத்துகள் தட்டச்சான வரிசையிலேயே விழும். பழைய ஃபோட்டோஷாப்பிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கதைதான். கிம்ப் தமிழைச் சரியாகக் கோக்கும். அதில் ஒருமுறை எழுதி பிஎன்ஜி ஆக்கிவிட்டு, ஸ்கிரிப்ட்டில் அந்தப் படத்தை ஒட்டுங்கள்.

கருவிழி பதில்:

கோப்புக்குள் பெயர் கட்டாயம் எழுதுங்கள். லைட்ரூமின் மெட்டாடேட்டா (கோப்புக்குள் இருக்கும் தகவல்) பலகத்தில் ஐபிடிசி என்ற பகுதிக்குப் போய், கிரியேட்டர், காப்பிரைட், உரிமைப் பக்கத்தின் இணைய முகவரி மூன்றையும் நிரப்பி ஒரு முன்னமைவாக வைத்து, இறக்குமதியின்போதே எல்லாப் படத்துக்கும் ஏற்றிவிடலாம். அந்த முகவரிக் கட்டம் நிரம்பியிருந்தால் கூகுள் படத் தேடலில் உரிமம் பெறத்தக்கது என்ற அடையாளம் வர வாய்ப்புண்டு. 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. எக்ஸ்போர்ட்டில் காப்பிரைட்டும் தொடர்பு விவரமும் மட்டும் என்ற தேர்வு போதும். கூடு கட்டும் இடத்தின் ஜிபிஎஸ் வெளியே போகாமல் இருப்பது பறவைகளுக்கும் நல்லது.

சமூக வலைத்தளங்கள் பலவும் ஏற்றும்போதே இந்தத் தகவலை உரித்துவிடும், அதை நம்பி நடுக்குறியை விட்டுவிடாதீர்கள். வேர்ட்பிரஸிலும் ஒரு கண்ணி உண்டு. படங்களைச் சுருக்கும் நிரல்களில் இமேஜிக் சர்வரில் ஓடினால் சின்ன அளவுகளிலும் தகவல் தங்கும், ஜிடி ஓடினால் எல்லாம் போய்விடும். டூல்ஸ், சைட் ஹெல்த், இன்ஃபோ, மீடியா ஹேண்ட்லிங் என்று திறந்தால் எது ஓடுகிறது என்று தெரியும்.

கல்தூண் பதில்:

மூலக்கோப்புகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ரா கோப்பை (கேமரா பதிவு செய்த, பதப்படுத்தாத கோப்பு) எங்கும் ஏற்றாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளியிடும் படத்தை நான்கு பக்கமும் ஐந்து சதவீதம் வெட்டிய பிறகே வெளியிடுங்கள். தகராறு வந்தால் அந்த ஓரங்கள் உங்களிடம் மட்டுமே இருக்கும். அதே தொடரில் முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களையும் அழிக்காமல் வையுங்கள்.

மாதம் ஒருமுறை முக்கியமான படங்களை, படத்தைக் கொடுத்தால் அது இருக்கும் பக்கங்களைக் காட்டும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடுங்கள். கிடைமட்டமாகத் திருப்பிய பிரதியையும் போட்டுப் பாருங்கள், இடம் வலமாக மாற்றிப் பதிவிடுவது பரவலான தந்திரம். எங்காவது கிடைத்தால் முதலில் அவர்களுக்கு எழுதாமல், தேதியுடன் முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் சேமியுங்கள். கடிதம் போன பிறகு பக்கம் மாயமாகிவிடும். குறியை அழித்துப் போட்டிருந்தால் அதைக் கடிதத்தில் தனியே குறிப்பிடுங்கள். உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு எதிராகச் சட்ட வழி இருக்க வேண்டும் என்று 1996-இன் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) பதிப்புரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது, அதில் சேர்ந்த நாடுகளின் சட்டங்களில் அதற்கான பிரிவு இருக்கும். பதில் வராவிட்டால் அந்தத் தளத்தின் ஐபி முகவரியை ஹூஇஸ் தேடலில் (முகவரி யார் பெயரில் பதிவானது என்று காட்டும் சேவை) போட்டு, தளத்தை ஹோஸ்ட் செய்யும் நிறுவனத்தைக் கண்டுபிடித்து, உங்கள் பக்கத்தின் முகவரி, அவர்கள் பக்கத்தின் முகவரி, படக்கோப்பின் நேரடி முகவரி மூன்றையும் கொடுத்து நீக்கக் கோருங்கள். மூன்றாவது முகவரியை விட்டால் சில சமயம் பக்கம் மட்டும் போய், படக்கோப்பு சர்வரிலேயே நின்றுவிடும்.