டர்பனுக்குப் புதிதாக வந்தவரின் கேள்வி: வெளிநாட்டு உதவியா, உள்நாட்டுத் தேவையா?

கேள்வி: டர்பனுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பணக்கார நாடுகள் பிற நாடுகளுக்கு உதவ வேண்டுமா, தம் மக்களை முதலில் கவனிக்க வேண்டுமா என்ற விவாதம் அலுவலக மதிய உணவு மேசையில் அடிக்கடி எழுகிறது. என் கருத்தையும் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் சம்பளத்தில் மிஞ்சுவதை ஊருக்கு அனுப்புவதா, இங்குள்ளவர்களுக்குக் கொடுப்பதா என்ற குழப்பமும் இருக்கிறது. மூத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நண்பருக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக இவ்வூரில் கணக்காளராக இருக்கிறேன். நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருப்பதாக நினைக்கிறீர்கள்; என் பார்வையில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

லண்டனிலோ சிட்னியிலோ குடியேறிய தமிழர் இந்த விவாதத்தைக் கொடுப்பவரின் பக்கம் நின்று கேட்பார். தென்னாப்பிரிக்கா கொடுக்கவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. வேலை தேடுவோரில் மூவரில் ஒருவருக்கு வேலை கிடைக்காத நாடு இது. ஆகவே உங்கள் மேசையில் ஒருவருக்கு இது செய்தித்தாள் விஷயமாக இருக்கும். இன்னொருவருக்குத் தன் அக்காளின் வேலை போன கதையாக இருக்கும். யார் எவரென்று தெரியும்வரை கருத்துச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

அந்த வேலை எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில், 2003ஆம் ஆண்டு, எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்த அமெரிக்கா பெப்ஃபார் என்ற நிதித் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ எண்பது லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் தென்னாப்பிரிக்காவுக்கு அதில் கணிசமான பங்கு கிடைத்துவந்தது. தொற்று மிகுந்த மாகாணங்களில் நாம் வாழும் குவாசுலு-நட்டால் முன்னிலையில் நிற்கிறது. மாத்திரைகளையெல்லாம் அமெரிக்காதான் வாங்கித் தந்தது என்று உங்கள் மேசையில் யாராவது சொன்னால் அது தவறு. அவற்றில் பெரும்பகுதியை இந்நாட்டு அரசு தன் வரிப்பணத்தில்தான் வாங்குகிறது. நாட்டின் மொத்த எச்.ஐ.வி. செலவில் அமெரிக்கப் பங்கு சுமார் 17 விழுக்காடாக இருந்தது. அது பெரும்பாலும் ஆட்களின் சம்பளமாகப் போனது: பரிசோதனைக்கு வந்தவரிடம் பேசித் தைரியம் சொல்பவர், மாத்திரை வாங்க வராதவரின் வீட்டைத் தேடிப் போகிறவர், பதிவேட்டைக் கணினியில் ஏற்றுபவர் எனப் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தப் பணத்தை நம்பியிருந்தனர். 2025 ஜனவரி 20 அன்று, டிரம்ப் பதவியேற்ற அதே நாளில், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முழுவதும் மறுஆய்வுக்கென்று நிறுத்திவைக்கப்பட்டது. பிப்ரவரி 7 அன்று தென்னாப்பிரிக்காவுக்கான உதவியை நிறுத்தும் ஆணை தனியாகவே வந்தது.

அதற்கடுத்த மாதம், எங்கள் வீட்டு வேலைகளில் உதவும் அம்மாவை ஒரு நாள் விடியற்காலையில் அரசு கிளினிக்கில் இறக்கிவிட்டுப் பிற்பகலில் அழைத்துவரப் போனேன். அவர் என்ன நோய்க்காகப் போனார் என்பது நம் பேச்சுக்குத் தேவையில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னல் திறந்திருந்தது, அலமாரியில் மருந்தும் இருந்தது. ஆனால் பெயரைக் கேட்டுக் கோப்பை எடுத்துத் தரும் பெண்கள் அமர்ந்திருந்த மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு நர்ஸ், இரத்த அழுத்தம் பார்ப்பதும், எழுந்து போய்க் கோப்பு தேடுவதும், திரும்பி வந்து அடுத்தவரின் கையில் பட்டையைச் சுற்றுவதுமாக அலைந்துகொண்டிருந்தார். ஐந்து மணிக்கு வரிசையில் நின்ற அம்மா இரண்டு மணிக்கு வெளியே வந்தார். அவர் வேறொரு வீட்டில் வாங்க வேண்டிய அன்றைய கூலி அதோடு போயிற்று.

இதைப் பார்த்த பிறகும், "அமெரிக்கா என்றென்றும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாட்டின் நர்ஸுக்கும் எழுத்தருக்கும் இன்னொரு நாட்டு வரிகட்டுபவர் எத்தனை தலைமுறைக்குச் சம்பளம் கொடுப்பார்? ஐந்து ஆண்டுகளில் நிறுத்தப்போகிறோம் என்று சொல்லி, ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்திருந்தால் இந்நாட்டு நிதியமைச்சு அதற்கேற்பத் திட்டமிட்டிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியதுதான் கொடுமை. என் கருத்தைக் கேட்டால், எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, கொடுப்பதை நம்பி ஒருவர் தம் நாளை அமைத்துக்கொண்ட பிறகு எப்படி விலகுவது என்பதே பெரிய கேள்வி.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து பார்ப்பவர்தான் குறைவு. அமெரிக்கக் கூட்டரசு தன் செலவில் எவ்வளவை வெளிநாட்டு உதவிக்குக் கொடுக்கிறது என்று அந்நாட்டு மக்களிடம் கருத்துக்கணிப்புகள் கேட்டபோது, சராசரியாகக் கால் பங்கு என்று பதில் வந்தது. உண்மையான அளவு அப்போது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது; நார்வே, சுவீடன், லக்சம்பர்க் போன்ற சில நாடுகளே அதை எட்டியிருக்கின்றன. பிரிட்டன் 2015இல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டு, 2021இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. மிச்சப்படும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்: பாதுகாப்புச் செலவுக்கு. பிரிட்டனின் முதியோர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ போகிறது என்று யாரும் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2022, 2023 ஆண்டுகளில் அந்நாட்டின் "வெளிநாட்டு உதவி"யில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், அடைக்கலம் தேடி வந்தவர்களைப் பிரிட்டனுக்குள்ளேயே தங்கவைக்கச் செலவானது. எனவே "வெளியே கொடுப்பதை நிறுத்தினால் உள்ளே கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் என்று கேளுங்கள். கணக்காளன் புத்தி இது, மன்னிக்கவும்.

இப்போது இந்நாடு கொடுக்கும் கதை. 2022இல் கியூபாவுக்கு 5 கோடி ராண்டு உணவு உதவி வழங்க அரசு முடிவெடுத்தபோது ஒரு சிவில் அமைப்பு வழக்குத் தொடுத்து மார்ச்சில் தடை வாங்கியது. அடுத்த மாதமே டர்பன் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "நம் பிள்ளைகள் மண்ணில் புதையும்போது கியூபாவுக்கு அரிசியா?" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டார், அவர் கோபத்தில் குறை காண என்னால் முடியவில்லை. ஆனாலும் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை மாதம் 480 ராண்டு. 5 கோடி ராண்டு என்பது சுமார் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஒரு மாதப் பணம்; அந்த உதவியைப் பெறுவோரோ ஒரு கோடிக்கும் அதிகம். கொடுத்தாலும் நாடு மூழ்கிவிடாது, கொடுக்காவிட்டாலும் யாருடைய வயிறும் நிறைந்துவிடாது.

அதே வெள்ளத்தில் முதலில் வந்து நின்றவர்களில் கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் அமைப்பினர் இருந்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மருத்துவராக இருந்த இம்தியாஸ் சூலிமான் 1992இல் தொடங்கிய அமைப்பு அது. போஸ்னியப் போரின்போது கொள்கலன்களில் மருத்துவமனை அமைத்து அனுப்பியவர்கள், இந்நாட்டின் மக்காண்டா நகரில் தண்ணீர் வற்றியபோது ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். வெளியே வேலை செய்து பழகிய கையே உள்ளேயும் விரைவாக வேலை செய்தது. மேசையில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள். டர்பனில் இதை மறுப்பவர் அரிது.

இனி உங்கள் சம்பளத்துக்கு வருவோம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பதை முதல் ஆண்டு அப்படியே கடைப்பிடியுங்கள்: வாடகை முன்பணம், விசா புதுப்பிப்பு, ஊருக்கு அவசரமாகப் பறக்க ஒரு டிக்கெட் ஆகியவற்றுக்கான தொகை வங்கியில் சேரும்வரை யாருக்கும் எதையும் வாக்களிக்க வேண்டாம். பிறகு ஊருக்கு அனுப்பும் தொகையை ஒரே அளவாக வைத்து, எப்போது வரும் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஜி-20 நாடுகளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பணம் அனுப்புவதே மிக அதிகச் செலவு பிடிப்பது என்று உலக வங்கியின் கணக்குகள் காட்டிவருவதால், மாதம் சிறுதொகையாக அனுப்புவதைவிடக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பலாம். இங்கே கொடுப்பதற்கு, 18ஏ ரசீது (நன்கொடைக்கான வரிக்கழிவு ரசீது) தரும் அமைப்பாகத் தேர்ந்தெடுங்கள். வரிக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். வரி ஆண்டு பிப்ரவரியில் முடிகிறது.

ரசீதும் கணக்கும் உள்ள அமைப்பை வலியுறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு கோவில் குழுவில், தமிழ்நாட்டு வெள்ளத்துக்கு அனுப்புவதா, ஆடி மாதக் கூழுக்கு வைப்பதா என்று இரண்டு கூட்டங்கள் சண்டை போட்டோம். பாதிப் பாதி என்று முடிவாயிற்று. வெளிநாட்டுப் பாதி எட்டு மாதம் வங்கிக் கணக்கிலேயே கிடந்தது. உள்நாட்டுப் பாதி மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூழாகிக் கொதித்தது. அக்கம்பக்கத்துச் சுலு பிள்ளைகள் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, வேப்பிலை கட்டிய பானைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். ஆடி முடிந்த மறு ஞாயிறும் வந்தார்கள், பானை இல்லை. அன்று வாசலில் நின்று அவர்களிடம் பேசியது நான்தான்.

தொடர் கேள்வி: மிக்க நன்றி ஐயா. "வெளிநாட்டவர் வந்து எங்கள் கிளினிக்குகளை நிரப்புகிறார்கள்" என்று ஒருவர் சொன்னார். நானும் வெளிநாட்டவன்தானே என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். அவர் ஜிம்பாப்வேக்காரரையும் மலாவிக்காரரையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார். நீங்கள் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) அட்டையுடன் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர், அந்த வரிசையில் நின்றதே இல்லை. சட்டம் என்ன என்று அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின்படி அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்க முடியாது, கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், எந்த நாட்டவராயினும், அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை என்று 2023இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. கேட்காவிட்டால், அவர் வீட்டில் யார் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.